கெட்ட செய்தி எவ்வளவு நேரத்தில் மேலே வரும்?

அன்புள்ள நண்பருக்கு,

ஓசூர்ப் பக்கத்து உதிரிபாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்த உங்களைப் புரொடக்‌ஷன் மேனேஜராக உயர்த்தியிருக்கிறார்கள் என்று அறிந்து மகிழ்ச்சி. ஸ்வீட் பாக்ஸ் தீர்வதற்குள் தலைவலி ஆரம்பித்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதலாளி லாபத்தைக் கேட்கிறார். கஸ்டமர் டெலிவரி தேதியைக் கேட்கிறார். எச்.ஆர். அதிகாரி ‘ஊழியர்களே எங்கள் சொத்து’ என்று சுவரில் ஒட்டிவிட்டு, அன்றைக்கே ஓ.டி.யைக் குறைக்கச் சொல்லி மெயில் போடுகிறார். இதில் எதை முதலில் வைப்பது, மேனேஜர் என்று ஒருவர் எதற்காகத்தான் இருக்கிறார் என்பது உங்கள் கேள்வி.

பெரிய தலைகளெல்லாம் மோதிக்கொண்ட கேள்வி இது. வாடிக்கையாளரை உருவாக்குவதுதான் வணிகத்தின் நோக்கம் என்று பீட்டர் டிரக்கர் 1954இல் எழுதினார். விதிகளுக்கு உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதைத் தவிர வணிகத்துக்கு வேறு சமூகப் பொறுப்பு கிடையாது என்று மில்டன் ஃப்ரீட்மன் 1970 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸின் வார இதழில் வாதிட்டார். அதன்பின் பல பத்தாண்டுகள் அவர் கட்சிதான் ஜெயித்தது. 2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் பெருநிறுவனத் தலைவர்கள் 181 பேர் ‘பிசினஸ் ரவுண்ட்டேபிள்’ என்ற தங்கள் அமைப்பின் அறிக்கையில் கையெழுத்துப் போட்டு, வாடிக்கையாளர், ஊழியர், சப்ளையர், சுற்றியுள்ள ஊர், பங்குதாரர் எல்லோருக்கும் தாங்கள் கடமைப்பட்டவர்கள் என்று அறிவித்தார்கள். போயிங் கம்பெனியின் தலைவர் டென்னிஸ் மியூலன்பர்கும் அதில் கையெழுத்திட்டிருந்தார். அவர் கம்பெனியின் புத்தம்புது விமானம் இரண்டாவது முறையாக விழுந்து அப்போது ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் கம்பெனியின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இந்த அறிக்கைகளைப் படித்து உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. காகிதத்தில் எல்லாமே முதலிடத்தில் இருக்கலாம், இடத்துக்குப் பஞ்சமில்லை. மாதக் கடைசி, இரவு பத்து மணி, டிஸ்பாட்ச் லாரி கேட்டில் நிற்கிறது, பவர் பிரஸ்ஸின் சென்சார் தகராறு செய்கிறது. அப்போது எதை விட்டுக்கொடுக்கிறீர்கள்? மிச்சமிருப்பதுதான் உங்கள் முன்னுரிமை. உங்களுக்குக் கீழே இருப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் உங்களை எடைபோடுவார்கள், சுவரில் இருப்பதைப் பார்த்து அல்ல.

ஒரு மனிதரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பால் ஓ’நீல் என்று பெயர். அரசாங்கத்தின் பட்ஜெட் அலுவலகத்தில் கணக்குப் பார்த்துப் பழகியவர், பிறகு ஒரு காகிதக் கம்பெனியில் தலைவர். 1987இல் அல்கோவாவுக்குத் தலைமை நிர்வாகியானார். அல்கோவா 1888இல் பிட்ஸ்பர்கில் தொடங்கிய அலுமினியக் கம்பெனி. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அந்தக் குழம்பில் ஈரம் பட்டால் வெடிக்கும். ஆளை விழுங்கக்கூடிய வேலை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு ஹோட்டல் கூடத்தில் முதலீட்டாளர்களையும் பங்குச்சந்தை ஆய்வாளர்களையும் அவர் முதன்முறையாகச் சந்தித்தார். லாப விகிதம், செலவுக் குறைப்பு, புதிய சந்தை என்று வழக்கமான பாட்டை எதிர்பார்த்து வந்தவர்களிடம், தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றார். தன் கம்பெனியில் காயமே இல்லாத நிலை வர வேண்டும், பூஜ்யம்தான் இலக்கு என்றார். கூடவே, இந்தக் கூடத்தில் தீப்பிடித்தால் வெளியேறும் கதவு எங்கே என்றும் காட்டினார். ஒருவர் சரக்கிருப்பைப் பற்றிக் கேட்டார், இன்னொருவர் மூலதன விகிதத்தைக் கேட்டார். அல்கோவா எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் எங்கள் பாதுகாப்புக் கணக்கைப் பாருங்கள் என்பதே அவர் பதில். கூட்டம் முடிந்ததும் ஓர் ஆலோசகர் ஓடிப்போய்த் தன் வாடிக்கையாளர்களுக்கு போன் போட்டு, கிறுக்கர் கையில் கம்பெனியைக் கொடுத்திருக்கிறார்கள், பங்கை விற்றுவிடுங்கள் என்றாராம். தன் தொழில் வாழ்க்கையில் சொன்ன மிக மோசமான யோசனை அதுதான் என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

அல்கோவா அப்போதே மோசமான கம்பெனி அல்ல. அமெரிக்கத் தொழிற்சாலைகளின் சராசரியைவிட அங்கே காயங்கள் மிகக் குறைவு. நூறு தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு 1.86 பேர் காயத்தால் வேலைக்கு வராமல் இருந்தார்கள். நாம்தான் ஏற்கெனவே நன்றாக இருக்கிறோமே என்று சொல்ல எல்லா வசதியும் இருந்த இடத்தில்தான் அவர் பூஜ்யத்தைக் கேட்டார்.

அவர் வந்து ஆறு மாதத்தில் அரிசோனா ஆலையில் ஓர் இளைஞர் இறந்தார். வேலைக்குச் சேர்ந்து சில வாரம்தான் ஆகியிருந்தது, மனைவி கர்ப்பிணி. இயந்திரத்தில் துண்டு அடைத்து நின்றுவிட்டது. தடுப்பைத் தாண்டி உள்ளே இறங்கி அடைப்பை எடுத்தார். அடைப்பு நீங்கியதும் இயந்திரத்தின் கை சுழன்று வந்து தலையில் அடித்தது. அந்த ஆளின் கவனக்குறைவு என்று ஒரே வரியில் ஃபைலை மூடியிருக்கலாம். எத்தனை ஆலைகளில் அப்படித்தான் மூடுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஓ’நீல் எல்லா உயர் அதிகாரிகளையும் வரவழைத்து உட்காரவைத்து, நடந்ததைப் படிப்படியாகத் திரும்பப் பார்க்கவைத்தார். அந்த இளைஞர் தடுப்பைத் தாண்டியதைப் பார்த்த சூப்பர்வைசர்கள் இருந்தார்கள், தடுக்கவில்லை. இயந்திரம் நின்றுபோனால் உடனே ஓடவைப்பவன்தான் நல்ல தொழிலாளி என்று அந்த இளைஞருக்கு யாரோ உணர்த்தியிருந்தார்கள். இந்தச் சாவுக்கு நான் காரணம், என் கீழ் வரிசையாக இருக்கும் நீங்கள் எல்லோரும் காரணம் என்று ஓ’நீல் அந்தக் கூட்டத்தில் சொன்னார். ஒரு வாரத்துக்குள் கம்பெனி முழுக்கப் பாதுகாப்புக் கம்பிகளுக்குப் பளிச்சென்ற மஞ்சள் வண்ணம் அடித்தார்கள். தாங்கள் சொல்லும் குறையை மேனேஜர் சரிசெய்யவில்லை என்றால் தன்னைக் கூப்பிடலாம் என்று தொழிலாளர்களுக்குத் தன் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். போன்கள் வந்தன. பாதுகாப்பைப் பற்றி மட்டுமல்ல, வேலையை எப்படித் திருத்தலாம் என்பது பற்றியும் பேசினார்களாம்.

எல்லோரும் இந்தக் கதையை நல்ல மனசுக்காரர் கதையாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது மனசைவிட அவர் போட்ட ஒரு விதி. எந்த ஆலையில் யாருக்குக் காயம் பட்டாலும், அந்தப் பிரிவின் தலைவர் 24 மணி நேரத்துக்குள் ஓ’நீலுக்கு நேரடியாகத் தெரிவிக்க வேண்டும், அது மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்யப்போகிறார் என்பதையும் சேர்த்து.

நீங்கள் லைனில் நின்றவர் என்பதால் இந்த விதிக்குள் என்ன இருக்கிறது என்று பிடித்துவிடுவீர்கள். பிரிவுத் தலைவர் 24 மணி நேரத்தில் சொல்ல வேண்டுமென்றால், ஆலை மேலாளர் அவருக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு ஃபோர்மேன் அந்த ஷிஃப்டிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஃபோர்மேனுக்குத் தொழிலாளி அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். தொழிலாளி எப்போது சொல்வான்? சொன்னால் திட்டு விழாது என்று தெரிந்தால்தான் சொல்வான். தீர்வையும் சேர்த்துக் கேட்பதால், ஃபோர்மேன் தொழிலாளியிடமே ‘என்னப்பா பண்ணலாம்’ என்று கேட்டாக வேண்டும். ஒரே ஒரு கெடுவை வைத்து, கீழிருந்து மேலே கெட்ட செய்தி வரும் வழியை அந்த மனிதர் வெட்டிவிட்டார். மேட்டூரில் தண்ணீர் திறந்ததைப் படம் பிடித்துப் போடுவார்கள், ஆனால் வாய்க்கால் எப்படி இருக்கிறது என்பது கடைமடை விவசாயியைக் கேட்டால்தான் தெரியும். தலைமையின் சொல்லும் அப்படித்தான்.

வழி வெட்டியபின் அதில் வேறு சரக்கும் வந்தது. வீடுகளின் வெளிச்சுவருக்குப் பதிக்கும் அலுமினியப் பலகை செய்யும் பிரிவில், வண்ணம் பூசும் இயந்திரங்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துவைத்தால் நிறம் மாற்றுவது சீக்கிரம் முடியும் என்று சாதாரணத் தொழிலாளி ஒருவர் யோசனை சொன்னார். அந்தச் சரக்கின் லாபம் ஓராண்டில் இரண்டு மடங்கானது. அவர் மனதில் அது பல வருடமாகக் கிடந்த யோசனைதான். கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஓ’நீல் 2000இல் ஓய்வு பெறும்போது அந்த 1.86 என்பது 0.2 ஆகியிருந்தது. கம்பெனியின் ஆண்டு நிகர லாபம் அவர் வருவதற்கு முன் இருந்ததைப் போல் ஐந்து மடங்கு. பாதுகாப்பால்தான் அத்தனை லாபமும் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். தொண்ணூறுகளில் அமெரிக்கப் பங்குச்சந்தையே பொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் பாதுகாப்பை முதலில் வைத்தால் லாபம் அடிபடும் என்று பயமுறுத்துபவர்களிடம் காட்ட இந்தக் கணக்கு போதும்.

அந்தக் கணக்கை அவர் கம்பெனிக்குள் போட விடவில்லை என்பதுதான் வேடிக்கை. பாதுகாப்பால் எவ்வளவு பணம் மிச்சம் என்று யாராவது கணக்குப் போட்டால் வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்று நிதிப் பிரிவினரிடம் சொல்லிவைத்தார். காரணம் எளிது. பணத்துக்காகத்தான் இதைச் செய்கிறார்கள் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், பணம் மிச்சமாகாத நாளில் கைவிட்டுவிடுவார்கள் என்பது ஷாப் ஃப்ளோரில் எல்லோருக்கும் புரிந்துவிடும். நம் ஊரில் நல்லது எதையாவது செய்ய நிர்வாகத்தைச் சம்மதிக்கவைக்க முதலில் ‘இதனால் இவ்வளவு மிச்சம்’ என்று ஒரு ஸ்லைடு போடுகிறோமே, அந்தப் பழக்கத்தைப் பற்றி எனக்கு இந்த இடத்தில்தான் சந்தேகம் வந்தது.

இன்னொரு சம்பவம் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், எனக்கும் இருந்தது. 1996இல் பங்குதாரர் கூட்டத்தில் ஒரு கன்னியாஸ்திரி எழுந்து நின்று, மெக்சிகோவில் உள்ள அல்கோவா ஆலையில் வாயுவை மூச்சிழுத்துத் தொழிலாளர்கள் மயங்கினார்கள், நீங்கள் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறீர்களே என்று கேட்டார். அப்படி எதுவும் பதிவில் இல்லையே என்றார் ஓ’நீல். பிறகு விசாரித்தார். நடந்தது உண்மை. அந்தப் பிரிவின் தலைவர் நெடுங்காலம் பணியாற்றியவர், வியாபாரத்தைப் பெருக்கியவர். ஆலையில் பிரச்சினையைக் கண்டுபிடித்துச் சரியும் செய்திருந்தார்கள். காற்றோட்டத்துக்கு வழி செய்தாகிவிட்டது, மயங்கியவர்கள் தேறிவிட்டார்கள். ஆனால் மேலே சொல்லவில்லை. ஓ’நீல் அவரை நீக்கினார். சரிசெய்துவிட்டாரே, அப்புறம் என்ன என்று எனக்கும்தான் தோன்றியது. யோசித்துப் பார்த்தால், அதே வாயு, அதே அடைபட்ட கூடம் வேறு எந்த ஆலையில் இருக்கிறதோ அங்கே இருப்பவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச்சேரவில்லை. ஒரு மேனேஜர் தன் இடத்தை மட்டும் சுத்தமாக்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வது, பார்ப்பதற்குத் திறமை போலவே இருக்கும்.

ஓ’நீலைக் கும்பிடச் சொல்லவில்லை. அல்கோவாவிலிருந்து அமெரிக்க நிதியமைச்சராகப் போனார். மனதில் பட்டதைப் பேசும் பழக்கம் அங்கே செல்லுபடியாகவில்லை. வரிக் குறைப்பை எதிர்த்ததில் இரண்டு வருடத்துக்குள் அதிபர் புஷ் அவரை அனுப்பிவைத்துவிட்டார். உண்மையைக் கேட்க விரும்பும் தலைவர், உண்மையைக் கேட்க விரும்பாத தலைவருக்குக் கீழே என்ன ஆவார் என்பதற்கு அவரே சாட்சி.

இப்போது போயிங். 1916இல் சியாட்டிலில் தொடங்கியது, பொறியாளர்களின் கம்பெனி என்று பெயர் வாங்கியது. 2001இல் தலைமையகத்தைச் சிகாகோவுக்கு மாற்றினார்கள், விமானம் செய்யும் கூடத்திலிருந்து சுமார் 2,800 கிலோமீட்டர். ஏர்பஸ் 2010 கடைசியில் எரிபொருள் மிச்சம் பிடிக்கும் புதிய ஏ320 நியோவை அறிவித்ததும், அடுத்த ஆண்டே 737 மேக்ஸை அறிவிக்க வேண்டிய அவசரம். பழைய 737 ஓட்டிய விமானிகளுக்குச் சிமுலேட்டர் பயிற்சி தேவைப்படாது என்பதே விற்பனைப் பேச்சு. தேவைப்பட்டால் விமானத்துக்கு 10 லட்சம் டாலர் தள்ளுபடி என்று ஒரு பெரிய வாடிக்கையாளருக்கு வாக்கும் கொடுத்திருந்தார்கள். இந்த ஒரு வாக்கு கீழே என்னவெல்லாம் செய்திருக்கும் என்று கற்பனை செய்ய நீங்கள் விமானப் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. புதிய என்ஜினால் மூக்கு மேலே தூக்கும் என்பதால் அதைக் கீழே தள்ள ஒரு மென்பொருள் வைத்தார்கள். அது ஒரே ஒரு சென்சார் சொல்வதை நம்பியது. விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. 2018 அக்டோபர் 29இல் இந்தோனேசியாவில் லயன் ஏர், 2019 மார்ச் 10இல் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ். மொத்தம் 346 பேர்.

தயாரிப்புக் கூடத்தில் நடந்ததும் உங்களுக்குத் தெரிய வேண்டும். 737 செய்யும் ரென்டன் ஆலையில் சீனியர் மேனேஜராக இருந்த எட் பியர்சன், முதல் விபத்துக்கு நான்கு மாதம் முன்பு, 2018 ஜூனில், 737 திட்டத்தின் தலைவருக்கு மெயில் எழுதினார். ஓ.டி. எல்லை மீறிவிட்டது, ஆட்கள் களைத்துவிட்டார்கள், வேலை வரிசை குலைந்துவிட்டது, லைனை நிறுத்துங்கள் என்று கேட்டார். லைன் நிற்கவில்லை. அவர் சொன்ன குறைகள்தான் அந்த விபத்துகளுக்குக் காரணம் என்று விசாரணைகள் முடிவுகட்டவில்லை, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நான் பார்ப்பது வேறு. உள்ளே இருக்கும் அனுபவமிக்க மேனேஜர் ஒருவர் தெளிவான வார்த்தையில் எழுதிக் கேட்டும், அந்தச் செய்தி எட்ட வேண்டிய இடத்தை எட்டி ஒன்றையும் அசைக்கவில்லை. மேக்ஸ் விமானங்கள் 20 மாதம் தரையில் நின்றன. 2013 முதல் தன் பங்கைத் தானே திரும்ப வாங்குவதற்கு 4,000 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருந்த கம்பெனி, கடனுக்குக் கை நீட்ட வேண்டி வந்தது. பங்குதாரரை முதலில் வைத்ததில் பங்குதாரருக்கும் பலன் இல்லை. இதை ஃப்ரீட்மன் மேல் போடுவது நியாயமல்ல. விதிக்கு உட்பட்டு என்றுதான் அவர் எழுதினார். அந்தப் பாதி வாக்கியத்தைப் படிக்காமல் விட்டவர்கள்தான் அதிகம்.

அல்கோவாவையும் போயிங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து நான் வந்த முடிவை மழுப்பாமல் சொல்கிறேன். லாபம், டெலிவரி, தரம், ஆட்கள் இவற்றை வரிசைப்படுத்துவது மேனேஜரின் முதல் வேலை அல்ல. கீழே நடப்பது தன் காதுக்குச் சிதையாமல், சீக்கிரம் வந்துசேரும்படி செய்வதே முதல் வேலை. அது இல்லாதவரை நீங்கள் எந்த வரிசை போட்டாலும் பொய்க் கணக்கின் மேல் போட்ட வரிசைதான்.

உங்கள் கேட்டருகே ‘விபத்தின்றி … நாட்கள்’ என்று ஒரு போர்டு இருக்கும். அந்த எண் வளர வளர அதைப் பூஜ்யமாக்கும் தைரியம் யாருக்கும் இருக்காது. விரலில் தையல் போட்டவரைக் கூட்டிவந்து ஆபீஸில் உட்காரவைத்து, ‘லீவு எடுக்கவில்லை, ஆகவே விபத்து இல்லை’ என்று எழுதுவார்கள். காண்ட்ராக்ட் ஆளாக இருந்தால் எழுதக்கூட மாட்டார்கள், அவர் நம் கணக்கில் இல்லையாம். பாதுகாப்பைக் கொண்டாட வைத்த போர்டு காயத்தை மறைக்கச் சொல்லிக்கொடுக்கும். அதைக் கழற்ற உங்களுக்கு அதிகாரம் இருந்தால் கழற்றுங்கள். இல்லாவிட்டால் நியர்-மிஸ் ரிஜிஸ்டரை, அதாவது நூலிழையில் தப்பியவற்றை எழுதும் ஏட்டை, எடுத்துப் பாருங்கள். ஒரு மாதம் காலியாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். பவர் பிரஸ் ஓடும் கூடத்தில் ஒரு மாதம் எதுவுமே கை தவறவில்லை என்று நீங்களே நம்ப மாட்டீர்கள். எழுதினால் மெமோ வரும் என்று பயந்திருக்கிறார்கள், அல்லது எழுதி ஒன்றும் ஆகவில்லை என்று அலுத்திருக்கிறார்கள். நேற்று எழுதியதை இன்று சரிசெய்து, எழுதியவரிடமே போய்க் காட்டுங்கள். நான்கைந்து பேருக்கு அப்படிச் செய்தால் ரிஜிஸ்டர் நிறையும். மாதாந்திர மீட்டிங்கில் உங்கள் லைன் மற்ற லைனைவிட மோசமாகத் தெரியும். அந்த மீட்டிங்கைத் தாங்குவதற்கும் சேர்த்துத்தான் உங்களுக்குச் சம்பளம்.

கை உள்ளே மாட்டாமலிருக்க வைத்த இரண்டு கை சுவிட்சில் ஒன்றை டேப்பால் கட்டிவைத்து ஒரு கையால் பிரஸ்ஸை ஓட்டுவார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்ததும் ஆபரேட்டரைத் திட்டுவது சுலபம். மணிக்கு எத்தனை பீஸ் என்று அவருக்கு இலக்கு கொடுத்தது யார், இரண்டு கையால் ஓட்டினால் அந்த எண்ணிக்கை வருமா என்று முதலில் ஸ்டாப்வாட்ச் வைத்து நீங்களே பாருங்கள். வராது என்றால் டேப்பை ஒட்டியதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

யாராவது முதல்முறையாகத் தயங்கித் தயங்கி லைனை நிறுத்துவார். டிஸ்பாட்ச் தவறும். அந்தப் பத்து நிமிடம் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதைக் கூடம் முழுக்கப் பார்க்கும். கஸ்டமருக்கு நீங்களே போன் செய்து தாமதத்தைச் சொல்லுங்கள், சேல்ஸ்காரரைச் சொல்லவிடாதீர்கள்.

முதலாளி இதற்கெல்லாம் ஒத்துக்கொள்வாரா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். ஓ’நீல் தலைமை நிர்வாகி, நீங்கள் நடுவில் இருப்பவர். அவர் செய்ததில் பாதிகூட உங்களால் முடியாது. நடுவில் இருந்த பியர்சன் எழுதிக் கேட்டும் பலிக்கவில்லை என்பதையும் பார்த்தோம். ஆகவே எல்லாம் கைகூடும் என்று ஆசை காட்ட மாட்டேன். ஆனால் சென்சாரை பைபாஸ் பண்ணி ஓட்டு என்று வாய்மொழியாகச் சொன்னால், ‘மெயிலில் போட்டுவிடுங்கள் சார்’ என்று மரியாதையாகக் கேட்க உங்களால் முடியும். பெரும்பாலும் மெயில் வராது, உத்தரவும் அதோடு போய்விடும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தொட்டே பாதுகாப்பு மீறலுக்கு உரிமையாளரோடு சேர்த்து மேனேஜரையும் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். உங்கள் தொழிற்சாலையின் ஆவணங்களில் ‘ஃபேக்டரி மேனேஜர்’ என்று யார் பெயர் இருக்கிறது என்று அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதவி உயர்வோடு அந்த இடத்திலும் உங்கள் பெயரைப் போட்டிருந்தார்கள் என்றால், முதலாளியிடம் பேச வேண்டியதை அடுத்த மாதக் கடைசி வருமுன் பேசிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்